தறித் தெரு முழுவதையும் காப்பாற்ற வழி இருக்கிறதா? (ஆரணி பக்கம்)

திண்ணைக்காரி:

வணக்கம். ஆரணிக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நிலைக்கதவும் தூணும் வாங்கிப் போகிற வியாபாரிகள் இதையும் படிப்பார்கள், போன தை மாதமே ஒரு வேன் தெருமுனையில் வந்து நின்று எல்லா வீட்டையும் நோட்டம் விட்டுப் போனது.

எங்களுடையது நெசவுத் தெரு. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், வீட்டுக்கு வீடு திண்ணை, திண்ணைக்கு மேல் கூரை இறங்கி வந்து மரத்தூணில் நிற்கும். உள்ளே கூடம், கூடத்தில் குழித்தறி, அதைத் தாண்டினால் முற்றம், பின்கட்டு, கிணறு. கிழக்குக் கோடியில் கல் படிக்கட்டுக் குளம். மேற்கே பிள்ளையார் கோயிலும் பழைய சத்திரமும். சத்திரத்துக்குள் இப்போது பஞ்சாயத்தின் உடைந்த மோட்டார்கள் கிடக்கின்றன.

தெரு நேராகவும் நீளமாகவும் இருக்கும், அகலம் இந்தச் சின்ன ஊருக்குக் கொஞ்சம் அதிகம். புதிதாக வருகிறவர்கள் தேர் ஓடும் தெருவா என்று கேட்பார்கள். தேர் கிடையாது, பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். வெயில் ஏறுவதற்கு முன்னால் பாவைத் தெரு நீளத்துக்கும் நீட்டி, கஞ்சி போட்டு, பெரிய பிரஷ்ஷால் இழுத்து, இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, சூடு வருவதற்குள் சுற்றி எடுத்துவிட வேண்டும். லுங்கி நெய்த காலத்தில் தினமும் நடந்தது. இப்போது பட்டு, அதுவும் சில வீடுகளில் மட்டும். தெருவை இந்த அளவில் போட்டவர்கள் பாவை மனதில் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள், வீடுகளின் முகப்பும் அதற்குத் தகுந்த மாதிரி ஒரே கோட்டில் நிற்கிறது. அதனால்தான் இரண்டு மூன்று வீட்டைத் தனியாகக் காப்பாற்றி என்ன பிரயோஜனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது இரண்டு பிரச்சினை. சிமெண்ட் சாலை போடப் போகிறார்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதன் மேலேயே போட்டுப் போட்டு, என் சின்ன வயதில் மூன்று படி ஏறிய திண்ணைக்கு இப்போது ஒரு படிதான். இன்னொரு அடுக்கு விழுந்தால் மழைத் தண்ணீர் நேராகத் தறிக்குழிக்குள் இறங்கும். அடுத்தது, தெரு நடுவில் இருக்கிற பெரிய வீட்டை வாரிசுகள் விற்கப் போகிறார்கள். வாங்குகிறவர் இடித்துவிட்டு கீழே கடை, மேலே வீடு கட்டப் போவதாகச் சொல்கிறார்.

மொத்தத் தெருவையும் ஒன்றாகப் பார்த்துப் பாதுகாக்கிற சட்டமோ திட்டமோ நம் மாநிலத்தில் இருக்கிறதா? யாரிடம் மனு கொடுப்பது? ரீல்ஸ் போடுங்கள், வைரல் ஆகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஒரு பையன் போட்டான், கல்யாண போட்டோ எடுக்கிற கூட்டம்தான் வந்தது.

*

பாலாற்று மணல்:

சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். தெருவைத் தெருவாகப் பாதுகாக்கும் ஏற்பாடு நம் பக்கத்துக் கிராமங்களுக்கு நடைமுறையில் இல்லை. இருக்கிற சட்டங்கள் தனித்தனிச் சின்னங்களைப் பார்த்து எழுதியவை.

மத்திய தொல்லியல் சட்டம் 1958 இல் வந்தது. நூறு வருஷமாவது ஆன, வரலாற்று அல்லது கலை மதிப்புள்ள கட்டுமானம் என்றால் அதற்குள் வரலாம். ஆனால் தேசிய முக்கியத்துவம் இருக்க வேண்டும். வேலூர்க் கோட்டை அப்படி வந்தது, மகேந்திரவாடிக் குடைவரை அப்படி வந்தது, மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குக் கட்டிய பள்ளிப்படையும் (சமாதிக் கோயில்) அப்படித்தான். ஓட்டு வீட்டுத் தெரு அந்த வரிசையில் நிற்காது. நின்றாலும் உங்கள் தெருக்காரர்களே உங்களைத் திட்டுவார்கள். 2010 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது, பழுது பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. குடியிருக்கிற தெருவில் இதைக் கொண்டுவந்து வைத்தால் பின்கட்டில் ஒரு கழிவறை கட்டுவதற்கே கோப்பு நகர வேண்டும்.

மாநிலச் சட்டம் 1966. அதிலும் சின்னம், சின்னம்தான். தொல்லியல் சட்டங்களுக்குள் வராத பாரம்பரியக் கட்டடங்களுக்காக 2012 இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் ஒன்றைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். அது நடைமுறைக்கு வரவே 2024 ஆகிவிட்டது. உங்கள் மனு போக வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் அதுதான். கொடுத்து வையுங்கள், ஆனால் பதில் வரும் வரை அந்தப் பெரிய வீடு நிற்கும் என்று நம்பி உட்காராதீர்கள். சென்னையில் இருக்கும் பாரம்பரியக் கட்டடக் குழுவின் கை நம் ஊர் வரை நீளாது.

நம் ஜில்லாவைப் பாருங்களேன். ஆற்காடு நவாபின் தலைநகரம். கோட்டை போயிற்று, அரண்மனை இடிந்தது, பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. 1751 இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் உள்ளே இருந்து முற்றுகையைத் தாங்கிய ஊர் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் அந்த வாசலைப் பார்த்துவிட்டு பிரியாணி சாப்பிட்டுப் போகிறார்கள். பூசிமலைக்குப்பத்தில் ஆரணி ஜாகீர்தார் கட்டிய மாளிகை மரம் முளைத்துக் கிடக்கிறது. படவேட்டில் மண் மூடிக் கிடந்த சம்புவராயர் காலத்துக் கோயில்களை எடுத்துக் கட்டினார்கள், நல்ல வேலைதான். கோயில் என்றால் பக்தர் இருக்கிறார், நன்கொடை வருகிறது. கோட்டை என்றால் அரசாங்கம் வேலி போடும். ஜனங்கள் குடியிருந்த வீட்டுக்கு இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பணம் வராது.

அதனால் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு சாலையைப் பிடியுங்கள். அதுதான் அவசரம், அதில் உங்கள் பக்கம் பிடிமானமும் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் ஏறாமல்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 இல் தலைமைச் செயலாளரே எல்லாத் துறைகளுக்கும் எழுதியிருக்கிறார். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தெரு மட்டம் உயரக் கூடாது, வடிகால் திண்ணைக்கு வெளியே போக வேண்டும் என்று இரண்டே வரி. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதும் ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தக்காரர் வந்து நிற்கும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும். பாரம்பரியம் என்ற வார்த்தையையே அங்கே எடுக்காதீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று சொல்லுங்கள், கை தூக்குவார்கள்.

*

ஓட்டு வீட்டுக்காரன்:

குடியாத்தம் பக்கம் இப்படி ஒரு வீட்டில் நிஜமாகவே குடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் வரும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் திண்ணை அழகு. எனக்குக் குரங்கு. மலையில் தண்ணீர் வற்றியதும் இறங்கி வந்து கூரையில் ஓடிப் பிடித்து விளையாடும், நாட்டு ஓடு நொறுங்கும். மாற்றலாம் என்றால் ஓடு சுடுகிறவர் இல்லை, இடிக்கிற வீட்டில் சொல்லி வைத்து வாங்க வேண்டும். ஓடு பிரித்து மேய்கிற ஆட்கள் வயதாகி ஏறுவதை விட்டுவிட்டார்கள், பையன்கள் ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கரையான், ஒழுக்கு, எலி, அதைப் பிடிக்க வருகிற பாம்பு. பொண்ணு வீட்டிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு சொந்த வீடு இல்லையா என்று கேட்டார்கள்.

உள்ளே உட்கார்ந்து கேட்கிறேன். பங்கு மூன்று பேர் பெயரில் கூட்டுப்பட்டா. பேங்கில் பழுது பார்க்கக் கடன் கேட்டால் மூவரும் கையெழுத்து. பிரதமர் வீட்டுத் திட்டம், கனவு இல்லம் இரண்டும் புது வீடு கட்டத்தான் பணம் கொடுக்கும். பழைய வீட்டைப் பழைய மாதிரியே வைத்துக்கொள்ள எனக்கு யார் ஒரு ரூபாய் கொடுப்பார்கள்? அந்தப் பெரிய வீட்டை விற்கிறவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள் அக்கா. அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சித்திரை வெயிலில் என் தம்பியின் மாடி வீட்டில் எல்லோரும் ஏசி போட்டுப் படுப்பார்கள், ஒரு மணி நேரம் கரண்ட் போனால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். அதற்காகத்தான் இன்னும் இடிக்கவில்லை.

*

காலனித் தெரு:

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் சொல்கிற தெருவில் யாரெல்லாம் செருப்புப் போட்டு நடக்கலாம் என்று அந்தக் காலத்தில் இருந்தது?

எங்கள் நைனா ஆரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இதே மாதிரி தெருவுக்கு உமியும் விறகும் கொண்டு போய்ப் போட்டிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்ததில்லை. பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பின்பக்கமே வர வேண்டும். பழைய தெருவைக் காப்பாற்றுவோம் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தச் சந்துதான் ஞாபகம் வரும். எங்கள் பக்கத்தில் நூறு வருஷ வீடு எதுவும் இல்லை, ஏனென்றால் கூரை வீடு, எரிந்தது, மறுபடி போட்டோம், மறுபடி எரிந்தது. காப்பாற்ற எங்களிடம் என்ன மிச்சம்?

இடித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. பலகை வைத்து வரலாறு எழுதினால் முழு வரலாறும் எழுதுங்கள் என்கிறேன்.

*

திண்ணைக்காரி:

காலனித் தெரு, எங்கள் ஊரிலும் அந்தச் சந்து உண்டு. இன்றைக்கும் பெயர் சந்துத் தெருதான். குளத்தில் யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்றும் இருந்தது, என் பாட்டியே சொல்லியிருக்கிறார், பெருமையாகத்தான் சொன்னார். படம் வரைந்தால் சந்துத் தெருவையும் படித்துறையையும் சேர்த்தே வரைவேன், என்ன நடந்தது என்றும் எழுதுவேன். உங்கள் பக்கத்துப் பெரியவர்களை வைத்துப் பேச வைக்கலாமா என்று எங்கள் ஊர்க் காலனியிலும் கேட்கிறேன், வருவார்களா என்பது அவர்கள் விருப்பம்.

ஓட்டு வீட்டுக்காரருக்கு: தம்பி, விற்கிறவர்கள் என் சித்தப்பா வீட்டுக்காரர்கள்தான். கெட்டவர்கள் என்று எப்படிச் சொல்வேன்.

*

வாணியம்பாடி டு வர்ஜீனியா:

நான் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நீங்கள் கேட்கிற மாதிரியே ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்பதற்காக இல்லை.

வாட்டர்ஃபோர்டு என்று ஒரு கிராமம். 1733 வாக்கில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் வந்து மாவு மில் வைத்து உருவாக்கிய ஊர். ரயில் பாதை அந்தப் பக்கம் போகாததால் வளராமல் நின்றுவிட்டது, வளராததால் பழைய வீடுகள் தப்பின. 1943 இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து கைத்தொழில் சந்தை ஒன்றை நடத்தி, வரும் பணத்தை வீடுகளுக்குச் செலவு செய்தார்கள். 1970 இல் மொத்தக் கிராமத்தையும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது: வீடுகளை மட்டும் எடுக்கவில்லை, சுற்றியிருக்கிற வயலையும் சேர்த்து 1,400 ஏக்கருக்கு மேல். வயல் போய் அங்கே பிளாட் வந்துவிட்டால் ஊர் ஊராகத் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. அங்கே வயல் எதுவோ, உங்களுக்குத் தெருவின் நடு இடம் அதுதான், பாவு ஓடிய இடம்.

அமெரிக்கா என்றால் அரசாங்கம் வந்து பிடித்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். தேசியப் பதிவேட்டில் ஏறிய வீட்டையும் சொந்தக்காரர் தன் பணத்தில் தாராளமாக இடிக்கலாம், மத்திய அரசின் சட்டம் தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை என்றால்தான் முதலில் பாதிப்பைப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டமும் 1966, நம் மாநிலச் சட்டம் வந்த அதே வருஷம். தடுக்கிற அதிகாரம் உள்ளூர் நிர்வாகத்திடம்தான், முகப்பை மாற்றக் கவுண்டிக் (நம் ஜில்லா மாதிரி) குழுவிடம் கேட்க வேண்டும். வாடகைக்கோ கடைக்கோ பயன்படுகிற பழைய கட்டடத்தை ஒழுங்காகப் பழுது பார்த்தால் செலவில் 20 சதவீதம் வரியில் கழிவு உண்டு. இன்னொரு வழி, இந்த நிலத்தில் இதற்கு மேல் கட்ட மாட்டேன் என்று சொந்தக்காரரே எழுதிக் கொடுத்துவிடலாம், அவருக்கு வரிச்சலுகை, அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டும். பலர் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஊர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது மறுபக்கம். அந்த ஊரில் வீடு வாங்க நம்மால் முடியாது. அமெரிக்காவிலேயே வருமானம் மிக அதிகமான கவுண்டிகளில் அது ஒன்று. வீடுகள் பளபளவென்று இருக்கின்றன, மில் தொழிலாளி பேரன் அங்கே இல்லை. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின, பெரிய வீடுகள் சில ஹோட்டல் ஆகின, பல பூட்டியே கிடக்கின்றன. புதுச்சேரி வைசியாள் வீதிதான் உங்கள் விஷயத்துக்குக் கொஞ்சம் கிட்ட வரும். அங்கே வீட்டுச் சொந்தக்காரர்களோடு செலவைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக முகப்புகளைச் சரி செய்தார்கள், 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. முகப்பு மட்டும்தான், உள்ளே அவரவர் வசதி. நேரில் போய்ப் பாருங்கள், உங்களுக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான்.

*

வேலூர் வெயில்:

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்களைக் கிண்டல் பண்ணின காலம் போய் 1981 இல் ஜலகண்டேஸ்வரரே கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார். பட்டா பிரச்சினையில்லாத வீடு மட்டும்தான் இந்த ஜில்லாவில் இன்னும் வரவில்லை.

சும்மா சொன்னேன். பெரிய வீட்டை இடித்தே தீருவார்கள் என்றால் தட்சிணசித்ராவில் கேட்டுப் பார்க்கலாமே? முட்டுக்காட்டில் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுபோய் அதே மாதிரி எழுப்பி வைத்திருக்கிறார்கள், நெசவாளர் வீடும் உண்டு.

*

கொத்து வேலை:

வேலூர் வெயில் சொன்னது கடைசி வழி. கழற்றிக் கொண்டுபோனால் மரமும் கல்லும் பிழைக்கும். தெருவில் பல் விழுந்த இடம் அப்படியே இருக்கும்.

நான் திருவலம் பக்கம். தாத்தா, அப்பா, நான் மூன்று தலைமுறையாகக் கொத்து வேலை. அப்பா சுண்ணாம்பு வேலை செய்தவர், நான் சிமெண்டில் ஆரம்பித்து இப்போது இரண்டும் செய்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, சுவர் தெரியும். ஓட்டு வீட்டுக்காரர் அண்ணன் சொன்ன ஒழுக்கு, கரையான் பற்றி நாலு வார்த்தை.

இந்த வீடுகள் வயதாகி விழுவதில்லை. தண்ணீர் மேலே இருந்து இறங்கும், இல்லை கீழே இருந்து ஏறும். மேலே ஒரு ஓடு விலகினால் முதல் மழையில் வாரை நனையும், பனை வாரை நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இத்துப் போகும், அதற்குள் கரையான் வரும். வருஷத்துக்கு ஒருமுறை ஐப்பசிக்கு முன்னால் மேலே ஏறி விலகினதைத் தள்ளி வைத்தால் போதும், அரை நாள் வேலை. அதை நாலு வருஷம் விட்டுவிட்டுப் பிறகு கூரையையே பிரி என்கிறார்கள், லட்சத்தில் போய் நிற்கிறது.

கீழே இருந்து ஏறுகிற ஈரம்தான் பெரிய வில்லன், அதில் நாங்களும் கூட்டாளி. சுவர் செங்கல்லும் மண்ணும், மேல்பூச்சு சுண்ணாம்பு. ஈரம் ஏறினாலும் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் போக வழி இல்லை, உள்ளேயே நின்று உப்புப் பூத்து, சிமெண்ட் அட்டையாகப் பெயர்ந்து விழும்போது பின்னால் இருக்கிற செங்கல்லையும் இழுத்துக்கொண்டு விழும். உடனே வீடு செத்துவிட்டது, இடி என்பார்கள். முக்கால்வாசி இடத்தில் சுவர் நன்றாக இருக்கும், பூச்சுதான் தப்பு. சாலை ஏறுவதும் இதேதான். திண்ணை அடிவாரம் வரை ரோடு வந்தால் சுவரின் கால் எப்போதும் ஈரத்தில் நிற்கும். திண்ணையில் பளபள டைல்ஸ் ஒட்டுகிறார்களே, அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதே கதை.

அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டி விடாதீர்கள், வெட்ட வெட்ட வேர் தடிக்கும். சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட்டு அந்தப் பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்லை என்பது பாதி உண்மை. கோயில் திருப்பணிகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், காஞ்சிபுரம் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். கல் சுண்ணாம்பை நன்றாக ஊற வைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். கூலி சிமெண்ட் வேலையைவிட அதிகம், நாளும் அதிகம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு வீட்டுக்குத் தனியாக வருவதைவிட ஐந்தாறு வீடு சேர்ந்து கூப்பிட்டால் குழி ஒன்றுதான், சாரம் ஒன்றுதான், செலவு நன்றாகவே இறங்கும். தெரு முழுக்க என்று அக்கா கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். சட்டம் ஒன்றாகச் சேர்க்காவிட்டால் சுண்ணாம்புக் குழி சேர்க்கட்டும்.

தறி ஓடுகிற வீடா என்று ஒன்று கேட்க வேண்டும். ஓடுகிற வீடு என்றால் குழி இருக்கிற கூடத்தில் சிமெண்ட் தரை போடாதீர்கள். மண் தரை ஈரம் இருந்தால்தான் இழை அறாமல் வரும் என்று நெசவுக்காரர்களே சொல்வார்கள், ஷெட்டில் தறி போட்டவர்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்து நெய்கிறார்கள்.

*

திண்ணைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கொத்து வேலைத் தம்பி, எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி ஓடுகிறது, அம்மா இன்னும் நெய்கிறார். தரை மண்தான்.

பாலாற்று மணல் சொன்ன மாதிரி கிராம சபைக்கு இரண்டு வரித் தீர்மானம் எழுதிவிட்டேன், அக்டோபர் 2 கூட்டத்தில் வைக்கிறேன். வார்டு உறுப்பினரிடம் பேசினேன். தண்ணீர் என்றதும் தலையாட்டினார், பழைய வீடு என்றதும் போனைப் பார்த்தார், நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. ஆணையத்துக்கும் மனு தனியாகப் போகிறது. அதற்கு முன்னால் தெருவை அளந்து வரைந்துவிட வேண்டும், வேலூரில் ஆர்க்கிடெக்சர் படிக்கிற என் அண்ணன் மகள் தோழிகளோடு வருகிறேன் என்றிருக்கிறாள்.

சித்தப்பா வீட்டில் பேசிப் பார்த்தேன். இடிக்காமல் வாங்குகிற ஆள் இருந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம், ஆனால் தைக்குள் முடிய வேண்டும் என்கிறார்கள். கூட்டுறவுச் சங்கம் தறிக்கூடமாக எடுக்குமா, இல்லை தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறேன். அப்படிக் கூட்டாக வாங்கினால் நாளைக்கு இதுவும் கூட்டுப்பட்டாச் சண்டை ஆகாமல் பத்திரம் எப்படி எழுதுவது, யாருக்காவது தெரியுமா?

*

பாலாற்று மணல்:

தனித்தனிப் பெயரில் வாங்கவே வாங்காதீர்கள். ஒரு டிரஸ்ட் பதிவு செய்து டிரஸ்ட் பெயரில் கிரயம் செய்யுங்கள். இன்ன காரியத்துக்குத்தான், முகப்பை மாற்றக் கூடாது, பங்கு பிரிக்கக் கூடாது என்று டிரஸ்ட் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். யாராவது இறந்தால் வாரிசுக்குப் போகாது, அடுத்த அறங்காவலருக்குப் போகும். வர்ஜீனியாக்காரர் சொன்ன அறக்கட்டளை வேலையும் கிட்டத்தட்ட இதுதான். அறங்காவலர்களில் ஒருவர் சந்துத் தெருவிலிருந்து இருக்கட்டும், பேருக்கு இல்லாமல் கையெழுத்து அதிகாரத்தோடு.

கிரயத்துக்கு முன்னால் வில்லங்கம் பார்க்கும்போது கணினியில் வருகிற வருஷங்களோடு நிற்காதீர்கள். பழைய வீடு, அதற்கு முந்தைய காலத்துக்குக் கையால் தேடித் தரச் சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடுங்கள். மூலப் பத்திரம் ரொம்பப் பழையதாக இருந்து சித்தூர் முத்திரையோடு ஏதாவது கிடைத்தால் பயப்படாதீர்கள், 1911 வரை வட ஆற்காட்டுக்கு அதுதான் தலைநகரம். நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தாலுகா ஆபீஸில் இந்த வாரமே பாருங்கள். தைக்குள் என்றால் அதில்தான் நாள் போகும்.